தலைக்கு ஊற்றிக்கொண்ட நாள்

யுத்த வருடங்களில் நான் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் அட்டை எழுதும் வேலை பார்த்தேன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி, ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ், ஒரு ஆயா, நான். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது, நாலு பிள்ளைகள். கணவர் மேட்டூரில் ஒரு ஆலையில் இருந்தார். மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வருவார், மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விடுவார். பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொண்டார். காலையில் கண் விழிக்கும்போதே நான் களைத்திருப்பேன். அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் அந்தக் களைப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எட்டாவது வரை படித்திருந்தேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அதற்காகத்தான் வேலையே கிடைத்தது. வருகிற பெண்கள் என்னை ரைட்டரம்மா என்பார்கள். நாலு பிள்ளை பெற்றவள் எட்டாவது படித்த கையெழுத்தை வைத்துக்கொண்டு ரைட்டரம்மா ஆகிவிட்டாள் என்று மாமியார் முகத்தைச் சுளிப்பார். ஆனாலும் பிள்ளைகளுக்கு அவர்தான் களி கிண்டிப் போட்டார். அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

டாக்டரம்மா மலையாளத்துக்காரர், மதராஸில் படித்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் பாடப் புத்தகத்தைத் திறந்து படிப்பதுபோல் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை இல்லாத பெண்கள் விஷயத்தில் அவருக்கு ஒரு பைத்தியமே இருந்தது. வெளிதேசத்து டாக்டர்கள் புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொல்லுவார். பெண்ணுக்கு மாதம் முழுக்கக் கரு தரிக்காது. அடுத்த விலக்கு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால், மூன்று நாலு நாள்தான் அதற்கு உகந்தது. அதுவரைக்கும் டாக்டர்களே விலக்கு முடிந்த கையோடுதான் என்று தப்பாக நினைத்துக்கொண்டிருந்தார்களாம். நம் பக்கத்துப் பெண்கள் வெயிலில் காட்டு வேலை செய்கிறார்கள், களியும் கூழும் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கும் இதே கணக்குதானா என்று டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காக சேலத்தில் அட்டைகள் அச்சடித்து வந்தன. மேலே ஒரு நம்பர், பெயர் கிடையாது. கீழே ஒரே ஒரு கட்டம், அதன் தலைப்பில் 'தேதி' என்று மட்டும் போட்டிருந்தது. மாதாமாதம் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு தேதி எழுத வேண்டும். சில மாதம் எழுதிய பிறகு, அந்தப் பெண்ணுக்கு எந்த நாட்கள் உகந்தவை என்று டாக்டரம்மா கணக்குப் போட்டுச் சொல்லுவார்.

கேள்வி கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. முதலில் டாக்டரம்மா தானே கேட்டுப் பார்த்தார். "உனக்கு இரத்தப்போக்கு எந்தத் தேதியில் தொடங்கியது?" என்று போலீஸ் கச்சேரியில் விசாரிப்பதுபோல் கேட்பார். அந்தப் பெண் தரையைப் பார்ப்பாள். பக்கத்தில் மாமியார் நிற்பாள். வாசற்படியில் புருஷன் துண்டை உதறிக்கொண்டு நிற்பான். யார் வாயைத் திறப்பார்கள்? இரண்டு வாரத்தில் டாக்டரம்மாவுக்குச் சலித்துவிட்டது. "நீயே கேள். உன்னிடம் என்றால் சொல்வார்கள்" என்று அட்டைக் கட்டை என் மேசைக்குத் தள்ளிவிட்டார்.

என்னிடம் சொன்னார்கள். நம் ஊரில் கேட்கிற மாதிரி நான் கேட்டேன், அவ்வளவுதான். "தலைக்கு ஊத்திக்கிட்டது எப்பங்க?" இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கிணற்றடியில் நாலு பேர் நடுவில்கூடக் கேட்கலாம். "போன சந்தைக்கு மறுநாளுங்க", "அமாவாசைக்கு முந்தின நாளுங்க" என்று பட்டென்று பதில் வரும். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து இங்கிலீஷ் தேதி போட்டு எழுதிவிடுவேன். மத்தியானத்துக்குள் பத்து அட்டை முடிந்துவிடும். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்காது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு விலக்கானவள் நாலு நாள் வெளியே உட்காருவாள். ஐந்தாம் நாள் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வருவாள். சில வீடுகளில் மூன்று நாள், சில வீடுகளில் ஏழு. அந்த நாட்களை யாரும் நாளென்று எண்ணுவதில்லை. அடுப்பைத் தொடாத, விளக்கேற்றாத, பிள்ளையைக்கூடத் தூக்காத நாளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வீட்டுக்குள் வந்த நாளிலிருந்துதான் எங்களுக்கு நாள் ஆரம்பிக்கும். அதைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். எனக்கும் வேறு மாதிரி எண்ணத் தெரியாது.

பதினேழாம் நம்பர் அட்டைக்காரியை நான் மனசுக்குள் பதினேழு என்றே கூப்பிட்டேன். நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் ஒரு பண்ணையத்திலிருந்து வருவாள். மஞ்சளும் பருத்தியும் விளைகிற பூமி. வயது இருபத்தாறு, கல்யாணமாகிப் பத்து வருடம். நல்ல உயரம், பெரிய கை, எதையும் வாய்விட்டுச் சிரித்துப் பேசுகிறவள். திரும்பிப் போகிற பஸ், பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்புக் கட்டி ஓட்டிய யுத்தகாலப் பஸ், எப்போது வரும் என்று அந்த டிரைவருக்கே தெரியாது. அதுவரை என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து மடியிலிருந்து நிலக்கடலையை எடுத்து உடைத்து உடைத்து எனக்கும் தருவாள்.

"ரைட்டரம்மாவுக்கு எத்தன கொளந்தைங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நாலுங்க."

"நாலுங்களா! ஒண்ண எனக்கு எரவலாக் குடுங்களேன். மாவு சலிக்கற சல்லடையாட்டம் பத்தரமாத் திருப்பிக் குடுத்தர்றனுங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். மூன்றாவதைக் கூட்டிக்கொண்டு போனால் திருப்பித் தரவே வேண்டாம் என்று சொன்னேன். அவன் அப்படிப்பட்ட பிள்ளை.

டாக்டரம்மா அவளுக்கு எல்லாச் சோதனையும் செய்தார். கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, கீழிருந்து குழாய் வைத்துக் காற்று ஊதுகிற ஒரு சோதனை உண்டு. காற்று குழாய் வழியாக வயிற்றுக்குள் போய்விட்டால், எழுந்து உட்காரும்போது தோள் வலிக்கும். தோள் வலித்தால் அடைப்பு இல்லை என்று அர்த்தம். பதினேழு தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஏனுங்க, வகுத்துல ஊதுனா தோளு வலிக்குதுங்களே, இதென்ன வைத்தியமுங்க?" என்றாள். பின்னாலேயே வந்த டாக்டரம்மா கைகொட்டாத குறைதான். "உன்னிடம் ஒரு குறையும் இல்லை" என்று அவளிடம் மூன்று தடவை சொன்னார்.

புருஷனையும் சோதிக்க வேண்டும், அவருடைய விந்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "என்னைய என்னுங்க பாக்கறது? நானு நல்லாத்தானுங்க இருக்கறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தவர் பஸ் வரும்வரை உள்ளே வரவில்லை. கெட்ட மனுஷர் இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக மனைவியை முகம் சுளிக்காமல் அழைத்து வந்தார். ஆனால் அந்த ஒன்று மட்டும் அவருக்கு முடியவில்லை. வெளிதேசங்களில் விந்தை ஊசிக்குழாயால் உள்ளே செலுத்திக்கூடப் பிள்ளை உண்டாக்கிப் பார்க்கிறார்கள் என்று டாக்டரம்மா அன்று என்னிடம் சொன்னார். "அதை இங்கே சொன்னால் என்னைக் கல்லால் அடிப்பார்கள்" என்று சொல்லி அவரே சிரித்தார்.

ஆகவே நாள் கணக்கு ஒன்றுதான் மிச்சம். என் அட்டையைப் பார்த்து டாக்டரம்மா மாதாமாதம் பதினேழுக்கு நாலு நாட்களைக் குறித்துக் கொடுத்தார். அந்த நாலு நாட்களில் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு முந்தின பத்து நாள் தனித்தனியாகப் படுக்க வேண்டும், அப்போதுதான் பலம் சேரும். புருஷனும் மனைவியும் அதை விரதம்போலக் காத்தார்கள். ஒரு மாதமும் பலிக்கவில்லை.

புரட்டாசியில் அவள் கடலை கொண்டு வரவில்லை. வந்ததும் என் எதிரில் உட்கார்ந்து, "தையில கண்ணாலம் வெச்சுப்போடலாம்ங்கறாங்க" என்றாள்.

"யாருக்குங்க?"

"அவருக்குத்தானுங்க. மாமியா இத்தன வருசம் பொறுத்ததே பெருசு. எப்படியும் ஒருத்தி வரப்போறா, அசல்ல இருந்து எதுக்கு வரோணும்னு நானேதான் சொன்னனுங்க, என்ற சித்தப்பன் மவளையே கட்டிக்கட்டும்னு. பதினேளு வயசு. நல்ல புள்ள." வெறும் மடியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "தங்கச்சின்னாலும் பங்கு பங்குதானுங்களே. தைக்குள்ள நானு முழுகாம நின்னுட்டன்னா கண்ணாலம் நின்னுருமுங்க. மாமியா வாயாலயே சொல்லிட்டாங்க. இன்னும் மூணு மாசம் இருக்குதுங்கல்ல?"

இருக்கிறது என்று சொன்னேன். மூன்று தடவை இருக்கிறது என்று விரல் விட்டும் காட்டினேன்.

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. மேசை டிராயரில், காகிதங்களுக்கு அடியில், நம்பர் போடாத ஒரு அட்டை வைத்திருந்தேன். அது என்னுடையது. உகந்த நாட்கள் நாலுதான் என்றால், மற்ற நாட்களில் பிள்ளை வராது. டாக்டரம்மா இதை வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் நாலு பெற்றவளுக்கு அது புரியாதா? பிள்ளை வேண்டும் என்று அழுகிற பெண்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வேண்டாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கணவர் வருகிற நாள் அந்த நாலு நாட்களுக்குப் பக்கத்தில் விழுந்தால் தலைவலி என்று சொல்லிப் பிள்ளைகளோடு படுத்துக்கொள்வேன். ஏழெட்டு மாதம் தப்பித்தேன். ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய வரம் வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

கார்த்திகையில் அவர் வந்தது நான் தலைக்கு ஊற்றிக்கொண்ட ஒன்பதாம் நாள். பயமில்லாத நாள். மார்கழி வந்தது, எனக்கு வெளியே உட்காரும் நாள் வரவில்லை. பிறகு காலையில் குமட்டியது. நாலு பெற்றவளுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். டாக்டரம்மாவின் சாஸ்திரம் பொய், வெளிதேசத்துக்காரர்கள் புளுகியிருக்கிறார்கள், அதை நம்பி நான் மோசம் போனேன் என்று உள்ளுக்குள் கொதித்தேன். அன்று வியாழக்கிழமை. டாக்டரம்மா பக்கத்து ஊருக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். என் மேசைக்கு எதிர்ச் சுவரில் அவர் கையால் வரைந்து ஒட்டிய ஒரு படம் உண்டு. வரிசையாக இருபத்தெட்டுக் கட்டங்கள். முதல் நாலு கட்டம் சிவப்பு மை. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை பச்சை மை. ஒன்றரை வருடமாக அதற்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்று எழுந்து போய், என் ஒன்பதாம் நாள் பச்சைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டி டாக்டரம்மாவிடம் சண்டை போட வேண்டும் என்று விரலை முதல் கட்டத்தில் வைத்தேன்.

முதல் கட்டம் சிவப்பாக இருந்தது.

அது ஏன் சிவப்பு என்று அப்போதுதான் யோசித்தேன். சிவப்பு நாலும் வெளியே உட்காருகிற நாட்கள். டாக்டரம்மா அவற்றையும் எண்ணுகிறார். அவருக்கு முதல் நாள் என்பது தொடங்குகிற நாள். நான் எழுதியதெல்லாம் முடிந்து குளித்த நாள். என் ஒன்பதோடு நாலைக் கூட்டினேன். பதின்மூன்று. விரல் நட்ட நடுப் பச்சையில் நின்றது.

வெளிதேசத்துக்காரர்கள் புளுகவில்லை. நான்தான் ஒன்றரை வருடமாக ஒவ்வொரு அட்டையிலும் தப்பான நாளை எழுதியிருக்கிறேன். டாக்டரம்மா அதை நம்பி ஒவ்வொரு பெண்ணையும் மூன்றோ நாலோ ஏழோ நாள் தள்ளி அனுப்பியிருக்கிறார். பதினேழையும் அவள் புருஷனையும் சரியான நாட்களில் தனித்தனியாகப் படுக்க வைத்து, நாள் போன பிறகு சேர்த்து வைத்திருக்கிறோம். ஒரு தடவை அவள், "உக்காந்தது வெள்ளிக்கெழமைங்க, ஊத்திக்கிட்டது செவ்வாக்கெழமைங்க" என்று இரண்டையும் சொன்னாள். அது வேண்டாம், ஊற்றிக்கொண்ட நாள் போதும் என்று நான்தான் அடக்கினேன்.

அவள் அட்டையை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்த மாதத்துக்கு டாக்டரம்மா சொல்லியிருந்தது அடுத்த வாரம் புதன் முதல் சனி வரை. சரியான நாட்கள் அதற்கு முந்தின சனி முதல் செவ்வாய் வரை. அன்று வியாழன். இடையில் வெள்ளி ஒரு நாள் முழுசாக இருந்தது. தைக்கு முன்னால் அவளுக்கு இருந்த கடைசித் தடவை அதுதான். அவசரமான சேதி என்றால் பஸ் டிரைவரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்போம். மாலைக்குள் நாமகிரிப்பேட்டையில் இறங்கி அவர்கள் பண்ணையத்துக்குப் போய்விடும்.

நான் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவுக்கு இரண்டு ஆபரேஷன், எரிச்சலில் இருந்தார். சனிக்கிழமை மூன்றாவதுக்குக் காய்ச்சல். ஞாயிறு லீவு. திங்கட்கிழமை டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, மதராஸ் வைத்தியப் பத்திரிகைக்கு அனுப்ப எழுதிவைத்திருந்த கட்டுரையின் முதல் பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினார். இந்த அட்டைகளை இவ்வளவு சுத்தமாக எழுதியவள் என்று கடைசியில் எனக்கும் ஒரு வரி நன்றி இருந்தது. செவ்வாய்க்கிழமை நாள் முழுக்க வாந்தி. இப்படி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் சொல்ல எனக்கு முடியும், ஆனால் அதெல்லாம் சால்ஜாப்பு. சொன்னால் வேலை போய்விடும், ஐந்தாவது வயிற்றில் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் டிராயர் அட்டையைக் காட்ட வேண்டும். பயந்தேன். அதோடு களைத்தும் போயிருந்தேன், ஒரு பெரிய விஷயத்தைத் தொடக்கிவைக்க உடம்பில் தெம்பு இல்லை. புதன்கிழமை காலையில், இனி சொன்னாலும் பதினேழுக்கு அந்த மாதம் ஒன்றும் ஆகாது என்ற பிறகு, டிராயர் அட்டையை எடுத்துப்போய் டாக்டரம்மாவிடம் சொல்லத் தைரியம் வந்தது. இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாருக்கும் நான்கு நாளைக் கழித்துவிட்டால்?" என்று கேட்டார். சில வீட்டில் மூன்று, சில வீட்டில் ஏழு என்று சொன்னேன். கட்டுரையை உறையிலிருந்து எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"இது எத்தனையாவது?"

"அஞ்சாவதுங்க."

"கணக்கு சரிதான் என்று நீயாவது நிரூபித்தாய்" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இதை எழுத வேறு ஆள் எங்கே கிடைப்பாள் என்று மட்டும் சொன்னார். எத்தனை நாள் கழித்துச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றே பதினேழுக்குப் புது நாட்களை எழுதிச் சீட்டு அனுப்பினோம். தை பாதியில் வருகிற நாட்கள் அவை. இரண்டு நாள் கழித்து டிரைவர் வாய்ச்சேதி கொண்டுவந்தார். தை பிறந்ததும் முகூர்த்தம், வீட்டில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அப்புறம் வருகிறாளாம்.

பங்குனியில் வந்தாள். கூட மஞ்சள் தாலி மங்காத ஒரு பெண். முகத்தில் அக்காளின் சாயல், ஆனால் பேச்சு இல்லை, தலை நிமிரவே இல்லை. கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகிறது, ஒன்றும் தங்கவில்லை, மாமியார் இப்போதே முணுமுணுக்கிறாள் என்று பதினேழு சொன்னாள். "இவளையும் பத்து வருசம் காக்க வெக்க வேண்டாமுங்க. இப்பவே ஒரு அட்டை போட்டுருங்க" என்றாள்.

நான் புது அட்டையை எடுத்தேன். டாக்டரம்மா புதிதாக அச்சடித்திருந்த அட்டையில் இரண்டு கட்டங்கள். "வெளிய உக்காந்த மொத நாள் எப்பங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் முந்தானையைத் திருகினாள்.

"அவ சொல்ல மாட்டாளுங்க. நானு சொல்றனுங்க, எளுதிக்குங்க" என்று பதினேழு இரண்டு மாதத்துக்கும் கிழமையோடு சொன்னாள். தங்கையின் நாட்களை அவள் விரல்நுனியில் வைத்திருந்தாள்.

"உங்க அட்டைங்க?"

"எனக்கெதுக்குங்க இனி? நானு இப்ப மாமியாகூடத்தான் படுத்துக்கறனுங்க." சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள். "அஞ்சாவதுங்களா! நீங்க குடுத்து வெச்சவங்க, ரைட்டரம்மா."

அப்போது சொல்லியிருக்கலாம். தங்கை பக்கத்தில் இருக்கிறாள் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா அந்தப் பெண்ணுக்கு உகந்த நாட்களைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார், இந்தத் தடவை சரியான நாட்கள். பதினேழு சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தங்கையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை உண்டாகக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டேன். அவளுக்கும் உண்டாகவில்லை என்றால் குறை புருஷனிடம் இருக்கிறது. அப்போது என் அட்டை சரியாக இருந்திருந்தாலும் பதினேழுக்குப் பிள்ளை வந்திருக்காது, அந்த ஐந்து நாள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததாலும் எதுவும் கெடவில்லை. ஒரு சின்னப் பெண்ணின் வயிறு வெறுமையாக இருந்தால் எனக்கு நிம்மதி. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி வேண்டிக்கொண்டேன்.

ஆனி மாதம், எனக்கு எட்டு மாதம். மத்தியான பஸ்ஸில் பதினேழு தனியாக வந்தாள். கையில் வாழை இலையில் கட்டிய பொட்டலம். என் மேசையில் வைத்துப் பிரித்தாள். வெல்லமும் மாவும் போட்டுச் சுட்ட கச்சாயம், இன்னும் எண்ணெய் வாசம் போகவில்லை.

"தங்கச்சி முழுகாம இருக்கறாளுங்க. நீங்க எளுதிக் குடுத்த நாளுதானுங்க. ரெண்டாவது மாசமே நின்னுருச்சு." முகமெல்லாம் சிரிப்பு. உண்மையான சிரிப்பு. "மாமியா என்னையத்தானுங்க கட்டிப் புடிச்சு அளுதாங்க. டாக்டரம்மாவுக்கு அப்பறம் குடுக்கலாம், மொதல்ல நீங்க எடுங்க."

ஒரு கச்சாயத்தை எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். பழைய அட்டையில் நான் எழுதியது தப்பான நாள் என்று. நாலு நாள் தள்ளிப் போயிற்று என்று. சிவப்புக் கட்டத்தையும் பச்சைக் கட்டத்தையும் சுவரில் காட்டினேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். புரிந்ததா என்று தெரியவில்லை. வலது கையைத் தூக்கி ஒவ்வொரு விரலாக மடக்கினாள், கட்டை விரலை மட்டும் விட்டுவிட்டாள்.

"நாலு நாளுங்களா?"

"நாலு நாள்தானுங்க."

"டாக்டரம்மா என்கிட்ட ஒரு கொறையும் இல்லீன்னு சொன்னாங்க."

"ஆமாங்க."

ஆயா ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். அவள் போன பிறகு பதினேழு கேட்டாள், குரலில் கோபம்கூட இல்லை.

"இது உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நேற்றுத்தான் தெரிந்தது என்று சொன்னால் அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

"மார்கழியில" என்றேன்.

"கண்ணாலத்துக்கு முன்னாலயேங்களா?"

தலையை ஆட்டினேன். "ஒரு தடவ இருந்துச்சுங்க. சீட்டு எழுதிக் குடுத்திருக்கலாம். நானு குடுக்கலீங்க."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பயமாக இருந்தது, களைப்பாக இருந்தது என்றா? அவள் எழுந்து நின்றாள். இலையின் நாலு மூலையையும் மடித்து, நாரால் இறுக்கிக் கட்டி, பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் கீழே வைத்த கச்சாயம் மட்டும் மேசையில் கிடந்தது.

"இது அந்தப் புள்ளைக்குத் தெரிய வேண்டாமுங்க" என்றாள். "வகுத்துப் புள்ளைக்காரி. என்ற எடத்துல வந்து உக்காந்துட்டமேன்னு வெசனப்பட்டா கொளந்தைக்கு ஆகாது."

சொல்ல மாட்டேன் என்றேன். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவள் உட்காரவில்லை. பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி, நாமகிரிப்பேட்டைப் பக்கம் ரோட்டோரமாக நடந்தாள்.